பூச்சிமருந்து ஊறிய மண்ணைத் தேற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செடியையும் நுண்ணுயிரையும் வைத்து நிலத்தைச் சுத்தம் செய்யப் புதிதாக இறங்குகிறவர்கள், அந்தக் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். கையுறை போடுங்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி, விட்டுவிடுகிறேன்.

தாய் மருந்தை, அதாவது ஊற்றிய மருந்தை மட்டும் சோதிப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. கரையானுக்காகக் குளோர்பைரிபாஸ் ஊற்றி வந்த ஒரு தென்னந்தோப்பில் நுண்ணுயிர்க் கரைசல் விட்டார்கள். லேப் ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்ததும் ஊடுபயிராகக் கீரை விதைத்துவிட்டார்கள். தாளை வாங்கிப் பார்த்தேன். குளோர்பைரிபாஸுக்கு ஒரு வரி, அவ்வளவுதான். அது உடைந்து உண்டாகும் டிசிபி, அதாவது ட்ரைகுளோரோபிரிடினால், அதில் இல்லவே இல்லை.

"அதையும் கேட்கணுமா அண்ணே?" என்றார் தோப்புக்காரர்.

கேட்டே ஆக வேண்டும். குளோர்பைரிபாஸ் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், எளிதில் நகராது. டிசிபி தண்ணீரோடு இறங்கிவிடும். பக்கத்தில் கிணறு இருந்தால் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். போதாததற்கு அது நுண்ணுயிர்களையே அமுக்கும். டிசிபியையும் உடைக்கிற நுண்ணுயிர் மண்ணில் இல்லையென்றால், மேலும் மேலும் நுண்ணுயிர்ப் பாக்கெட் வாங்கி ஊற்றியும் வேலை மந்தமாகத்தான் நடக்கும்.

காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களைச் சீரழித்த எண்டோசல்ஃபானும் இப்படித்தான். 2011இல் உச்ச நீதிமன்றம் தடை போட்ட அந்த மருந்து, மண்ணில் எண்டோசல்ஃபான் சல்ஃபேட்டாக மாறும். நஞ்சு கிட்டத்தட்ட அதே அளவு, ஆயுள் இன்னும் கூடுதல். பழைய பூச்சிமருந்தான டிடிடி உடைந்தால் டிடிஇ என்ற பொருள் மண்ணில் தங்கும்.

மண் மாதிரி கொடுக்கும்போதே, இப்படி உடைந்து உண்டாகும் சிதைபொருளின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். வேலை தொடங்குவதற்கு முன்பும் ஒருமுறை சோதியுங்கள். அப்புறம், ஓரத்தில் கொஞ்சம் நிலத்தை ஒன்றும் செய்யாமல் விட்டு அதையும் சோதியுங்கள். குளோர்பைரிபாஸ் சும்மா கிடந்தாலும் நாளாக நாளாகக் குறையும். அங்கேயும் அதே அளவு குறைந்திருந்தால் பாக்கெட்டுக்குக் கொடுத்த காசு தண்டம்.

நஞ்சை இழுத்த கொடியை மாட்டுக்குப் போடுவது

பூசணி இனத்தில் சுக்கினி போன்ற சில வகைகள் டிடிஇயை வேரால் இழுத்துத் தண்டில் சேர்க்கும். அந்தக் கொடியை மாடு தின்றால் பாலின் கொழுப்பில் ஏறும். உரக்குழியில் போட்டால் திரும்பவும் வயலுக்கே வரும்.

காய்ந்த மண்ணில் கரைசல் விடுவது

ஈரம் இல்லாமல் விடாதீர்கள்.

வெட்டிவேரை விற்பது

மண்ணைச் சுத்தம் செய்ய நட்ட வெட்டிவேர் பானைத் தண்ணீரில் போடுவதற்கு உரியதல்ல. நல்ல விலை கேட்டு வியாபாரி வந்தாலும் கொடுக்காதீர்கள்.