ஐந்து ஏன், ஒரு குரூப் 2

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தாலே மனம் நழுவிவிடும். அட்டவணை, அலாரம் எதுவும் கைகொடுக்கவில்லை. உதவியது, டொயோட்டா கார் நிறுவனத்தில் கோளாறின் வேரைத் தேடப் பயன்படும், அந்தக் குழுமத்தின் நிறுவனர் சகிச்சி டொயோடாவின் முறை: வரும் ஒவ்வொரு பதிலையும் 'ஏன்?' என்று கேட்டு, ஐந்து முறை தோண்டுவது.

அரசு வேலை ஏன்? நிலையான சம்பளம். அது ஏன்? வளைகுடாவுக்குப் போகாமல் இருக்கலாம். ஏன் போகக் கூடாது? தேனீப் பெட்டிகளை அப்பா தனியாகப் பார்க்கிறார். அந்த வரியில் பேனா நின்றுவிட்டது. எனக்கு வேண்டியது பதவி அல்ல, மார்த்தாண்டத்தில் அப்பா பக்கத்தில் இருப்பது.

சரி, அட்டவணையை அதற்கேற்ப மாற்றினேன். ரப்பர் மரங்கள் துளிர்க்கும் ஜனவரி முதல் ஏப்ரல் வாக்கில்தான் இங்கே தேன் வரத்து. அப்போது காலையில் பெட்டி, இரவில் கொஞ்சம் படிப்பு. மழைக்காலத்தில் தேனீக்களுக்குச் சர்க்கரைப் பாகு வைத்துவிட்டால் மீதி நேரம் புத்தகத்துக்கு. இப்போது படிப்பு ஓடுகிறது, அப்பாவும் தெம்பாக இருக்கிறார்.

ஐந்து என்ற கணக்கு இயந்திரத்துக்குச் சரி. மனிதருக்கு, எழுதும்போது தொண்டை அடைக்கிற பதில் வந்தால் அங்கேயே நிறுத்தலாம். அப்புறம், கையால் எழுதுங்கள். மனதுக்குள் கேட்டால் முதல் பதிலே போதும் என்று தோன்றிவிடும்.