பயந்த குட்டியை ரக்கூன் வேட்டைக்குப் பழக்குவது எப்படி?

அமெரிக்காவின் கிழக்கு டென்னசி மலைக்காட்டுக்குள் முதல் தடவை அழைத்துப்போனபோது என் நாய்க்குட்டி என் கால்களுக்கு நடுவிலேயே நடந்தது. ஆந்தை அலறினால் நின்றுவிடும். ஓடையைக் கண்டால் உட்கார்ந்துவிடும். நல்ல வேட்டை வம்சத்தில் பிறந்த ட்ரீயிங் வாக்கர் இனப் பெண் குட்டி அது. "இது தேறாது, வேறு பாருங்கள்" என்றார்கள் இரண்டு பேர். தேறியது. ஆனால் முதல் நான்கு மாதங்களில் அதன் கண்ணில் ஒரு ரக்கூனைக்கூட நான் காட்டவில்லை.

இரவில் திரியும், மரமேறும் சிறு காட்டு விலங்கு ரக்கூன். இந்த வேட்டையில் நாயின் வேலை அதைப் பிடிப்பதன்று. இருட்டில் தடத்தை மோந்து பிடித்து, குரல் கொடுத்தபடி துரத்தி, ரக்கூனை மரமேற்றிவிட்டு, நாம் போய்ச் சேரும்வரை அந்த மரத்தடியை விட்டு அகலாமல் குரைக்க வேண்டும். நாம் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருப்போம். ஆக, தனியாக இருட்டில் நிற்கும் தைரியம்தான் இங்கே பாதித் தொழில். மூக்கு பிறவியிலேயே வருகிறது. பிளாக் அண்ட் டான், ரெட்போன், புளூடிக், இங்கிலீஷ், பிளாட், ட்ரீயிங் வாக்கர் என்ற ஆறு கூன்ஹவுண்ட் (ரக்கூன் வேட்டை நாய்) இனங்களில் உங்களுடையது எதுவானாலும் கீழே வரும் வரிசை மாறாது.

படி 1: மருத்துவரும் சட்டமும்

வெறிநோய், டிஸ்டெம்பர் (நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய்), எலிக்காய்ச்சல் தடுப்பூசிகள் முடிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் வெறிநோயைச் சுமக்கும் முக்கியமான காட்டு விலங்குகளில் ரக்கூனும் ஒன்று. காதுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். தொங்கு காது நாய்களுக்குக் காதில் சீழ் வைப்பது சாதாரணம். கை நீட்டினால் ஒதுங்கும் குட்டிக்குச் சில சமயம் பயம் இல்லை, வலிதான் இருக்கிறது.

வேட்டை உரிமம், பருவம், இரவு வேட்டை விதிகள் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பயிற்சிக்குத்தான் போகிறீர்கள் என்றாலும் நில உரிமையாளரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள்.

படி 2: காட்டைச் சொந்தமாக்குவது

இதில் அவசரப்பட்டால் பின்னால் வரும் எதுவும் நிற்காது. தினமும் பகலில், வாரைப் பிடிக்காமல், ஆபத்தில்லாத ஒரே காட்டுத் துண்டுக்கு அழைத்துப்போங்கள். பேசாமல் நடங்கள். குட்டி பின்தங்கினால் திரும்பிப் பார்த்துக் கொஞ்ச வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். ஓடை வந்தால் நீங்கள் கடந்து அக்கரையில் உட்கார்ந்து, சாவகாசமாக ஒரு துண்டு வேகவைத்த கோழியை எடுங்கள். என் குட்டி முதல் நாள் இருபது நிமிடம் அழுதது. மூன்றாம் நாள் எனக்கு முன்னால் அக்கரையில் நின்றது.

குட்டி உங்களைவிட்டு ஐம்பதடி போய் எதையாவது மோந்துகொண்டிருந்தால் அதுதான் அன்றைய வெற்றி. அந்த நேரத்தில் கூப்பிட்டுவிடாதீர்கள். பாராட்டுகிறேன் என்று கூப்பிட்டு, காலடிக்கே திரும்பி வரப் பழக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பகல் பழகியதும் அந்தி, அதன்பின் இரவு. காடு அதே காடாக இருக்கட்டும். அதிர்ச்சி கொடுக்கும் கழுத்துப்பட்டையைப் பயந்த குட்டிக்கு மாட்டவே வேண்டாம். வலி எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. காட்டின் மேல் பழி போட்டுவிடும். இருக்கும் இடம் காட்டும் ஜிபிஎஸ் பட்டை மட்டும் போதும்.

படி 3: தோலை இழுத்துத் தடம் போடுவது

தெரிந்த வேட்டைக்காரரிடம் முந்தைய பருவத்தின் ரக்கூன் தோல் உறைபெட்டியில் கிடைக்கலாம். கயிற்றில் கட்டி, குட்டி பார்க்காதபோது ஐம்பது மீட்டர் இழுத்துச் செல்லுங்கள். ஒரு நுணுக்கம்: கயிற்றை நீளமான கழியின் நுனியில் கட்டி, தோல் உங்கள் காலடிக்குப் பக்கவாட்டில் தள்ளி வரும்படி இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் குட்டி உங்கள் செருப்பு வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும், நீங்களும் ஏமாந்து மெச்சிக்கொள்வீர்கள்.

தடத்தை ஒரு மரத்தில் முடித்து, தோலை எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். ஈரமான மாலைப்பொழுது நல்லது. காய்ந்த வெயிலில் வாசனை நிற்காது. குட்டி மரத்தில் முன்கால்களை ஊன்றிக் குரைத்தால் அருகில் போய்த் தட்டிக்கொடுங்கள். குரைக்காமல் அண்ணாந்து பார்த்தாலும் அது பாதி வெற்றி. சலிப்பதற்குள் நிறுத்திவிடுங்கள். பிறகு தூரத்தைக் கூட்டுங்கள், திருப்பங்கள் வையுங்கள், தடம் ஒரு மணி நேரம் ஆறட்டும்.

கூண்டில் அடைத்த உயிருள்ள ரக்கூனைக் காட்டி வெறியேற்றும் பழைய வழக்கம் சில இடங்களில் உண்டு. சில மாநிலங்களில் அது சட்டத்துக்குப் புறம்பானது. சட்டம் அனுமதித்தாலும் நான் செய்ய மாட்டேன். சீறும் விலங்கை முகத்துக்கு நேரே பார்த்த பயந்த குட்டி அன்றோடு வேட்டையை மறந்துவிடும்.

படி 4: மூத்த நாயோடு

நிதானமான, மரத்தடியில் சண்டை பிடிக்காத ஒரு மூத்த நாயோடு சில இரவுகள் போகலாம். மரத்தடியில் ஒரே ஒரு கடி போதும், குட்டி அப்புறம் மரத்தை நெருங்காது. அதே சமயம் மாதக்கணக்கில் சேர்த்து விடவும் கூடாது. அது குரைத்தால் இதுவும் குரைக்கும் பின்பாட்டு நாயாகிவிடும். ஐந்தாறு இரவுகளுக்குப் பின் தனியே விட்டுப் பாருங்கள்.

ரக்கூனோடு தரையில் மோதவிடாதீர்கள். ஆழத் தண்ணீரில் அது நாயின் தலைமேல் ஏறி மூழ்கடிக்கக்கூடியது. கடிபட்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்கடுத்த இரண்டு வாரம் கால்களையும் கவனியுங்கள். பின்னங்கால் துவளத் தொடங்கினால் அது ரக்கூன் கடிக்குப் பின் சில நாய்களுக்கு வரும் கூன்ஹவுண்ட் வாதம் என்ற நரம்புத் தளர்ச்சியாக இருக்கலாம்.

படி 5: துப்பாக்கிச் சத்தம்

கடைசியில்தான். சோற்றுத் தட்டை வைக்கும்போது தகரத்தைத் தட்டுவதில் தொடங்குங்கள். பிறகு, குட்டி தோல் தொங்கும் மரத்தடியில் மும்முரமாகக் குரைக்கும்போது, நண்பர் ஒருவர் வெகுதூரத்தில் வெற்றுத்தோட்டா ஒன்று சுடட்டும். காது மடங்கினால், வால் இறங்கினால் தூரத்தைக் கூட்டுங்கள். துப்பாக்கியே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு: இரவு வேட்டைப் போட்டிகளில் ரக்கூனைச் சுடுவதில்லை, கண்டுபிடிப்பதற்குத்தான் புள்ளி. யுகேசி (அமெரிக்காவின் யுனைடெட் கென்னல் கிளப் என்ற நாய்ச் சங்கம்) நடத்தும் போட்டியில் முதலில் தடம் பிடித்துக் குரல் கொடுக்கும் நாய்க்கு 100, மரத்தில் முதலில் நிற்பதற்கு 125.

முதல் தனி இரவில் என் குட்டி ஓர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் விடாமல் குரைத்தது. கிளை கிளையாக விளக்கடித்துத் தேடினேன். கண் எதுவும் மின்னவில்லை, பொந்தும் இல்லை. ரக்கூன் மரத்தைத் தொட்டுவிட்டு வேறு பக்கம் நழுவியிருக்க வேண்டும். இப்படி ஆனால் மெச்சவும் கூடாது, திட்டவும் கூடாது. வாரை மாட்டி, ஒன்றும் பேசாமல் நடத்திக்கொண்டு வந்து, நூறு மீட்டர் தள்ளி மறுபடி அவிழ்த்துவிட்டேன். இந்தத் தடவை அது என் காலைச் சுற்றவில்லை.