ஓணத்துக்கு விலை ஏறும்போது வீட்டிலேயே காய் பறிக்க

ஆவணி பிறந்து ஓணம் நெருங்கிவிட்டால் பாவூர்ச்சத்திரம் சந்தைக் காய் லாரி லாரியாக ஆரியங்காவு கணவாய் தாண்டிக் கேரளாவுக்குப் போய்விடும். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் இருக்கிற நமக்கு மிஞ்சுவது ஏறின விலைதான். அந்தச் சமயத்தில் அவியலுக்கு வேண்டியதை வீட்டிலேயே பறிக்கணும் என்றால் வைகாசிக் கடைசியிலேயே விதை மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். ஆடிப் பட்டம் தேடி விதை என்பதெல்லாம் சரி, ஆனால் ஆடியில் போட்ட புடலை காய்க்கும்போது ஓணம் முடிந்திருக்கும்.

காலண்டரில் திருவோணம் என்றைக்கு வருகிறது என்று பார்த்து அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வெண்டை 45 நாளில் காய்க்கும், பயறு 50 நாளுக்கு மேல், புடலையும் பீர்க்கும் 60 முதல் 70 நாள். கத்தரி, மிளகாய்க்கு நாற்று வளரவே ஒரு மாசம் ஆகும், அதனால் அவற்றைச் சித்திரையிலேயே பாவிவிடுங்கள். சேனையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், மாசியில் நட்டாலும் அதற்கு எட்டு ஒன்பது மாசம் வேண்டும்.

மண்ணுக்குப் பெரிய சூத்திரம் கிடையாது. செம்மண், மக்கின சாணி உரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவு. நார்க்கழிவு நம்ம பக்கம் சல்லிசாகக் கிடைக்கும், ஆனால் அப்படியே கொட்டினால் அதில் இருக்கிற துவர்ப்பும் உப்பும் வேரைக் கெடுக்கும், இரண்டு மூன்று தடவை தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்த பிறகு கலக்குங்கள். செடி வைக்கிற பையின் அடியில் ஓட்டை தாராளமாக இருக்கட்டும். சாரல் காலத்தில் செடி காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம், மேல்மண் ஈரமாக இருக்கிற வரைக்கும் தண்ணீரே விட வேண்டாம். நாற்றுத் தட்டைத் தாழ்வாரத்துக்குள் வையுங்கள், இல்லையென்றால் தண்டு அடியில் கருத்துக் கூட்டமாகச் சாய்ந்துவிடும்.

அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வருகிற மேற்கத்திக் காற்று மொட்டைமாடிப் பந்தலைப் பிய்த்துப் போட்டுவிடும். பந்தலைக் கீழே, வீட்டுக்குக் கிழக்குப் பக்கச் சுவரை ஒட்டிப் போடுவது நல்லது. மாடிதான் கதி என்றால் கொடியை விட்டுவிட்டு வெண்டை, கத்தரி, கீரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கொடியில் முதலில் பூக்கிறதெல்லாம் ஆண்பூ, உதிர்ந்தால் பதற வேண்டாம். பெண்பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒன்று ஒட்டியிருக்கும். அது மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம், சாரலில் தேனீ வெளியே வருவதில்லை. பூசணி காலையில் விரியும். விடிந்ததும் ஆண்பூவைக் கிள்ளி, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கிற மஞ்சள் பொடியைப் பெண்பூவின் நடுவில் லேசாகத் தடவுங்கள். நனைந்த பொடி உதவாது, அதனால் மறுநாள் விரியப் போகிற மொட்டை முந்தின சாயங்காலமே காகிதக் கப்பால் மூடி வைக்கலாம். புடலையும் பீர்க்கும் சாயங்காலத்துப் பூ, அவற்றுக்கு இந்த வேலையை விளக்கு வைக்கிற நேரத்தில் செய்யுங்கள்.

பூச்சிக்கு எடுத்தவுடனே மருந்து தேட வேண்டாம். இலைக்கு அடியில் அசுவினி தெரிந்தால் தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி போய்விடும், மீதிக்கு ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் சோப்புத் தண்ணீர், வெயில் தாழ்ந்ததும் அடிக்கலாம். பாகலையும் புடலையையும் கெடுப்பது பழ ஈ. பிஞ்சிலேயே காகிதப் பையில் நுழைத்துக் கட்டினால் முட்டையிட வழியில்லை, ஈ குத்தின காயைச் செடிக்கடியில் போடாமல் எடுத்து அழியுங்கள். வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகப் பின்னிக்கொண்டால் அது வெள்ளை ஈ பரப்புகிற நோய், மருந்து கிடையாது, இரக்கப்படாமல் பிடுங்கிவிடுங்கள்.

காய்க்க ஆரம்பித்தால் வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்கணும், நுனி ஒடியாமல் வளைந்தால் முற்றிவிட்டது. புடலை நுனியில் கல் கட்டுவதெல்லாம் காய் நேராகத் தொங்கத்தான், ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவியலில் எப்படியும் வெட்டித்தானே போடப் போகிறோம்.