நிற்கும் நீராவி இன்ஜினை ஈரத்திலிருந்து காப்பது எப்படி?

செட்டிநாட்டில் பெரிய வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: ஆள் புழங்கும் கட்டு நூறு ஆண்டானாலும் நிற்கும், பூட்டிக் கிடக்கும் அறையில்தான் ஓதமும் கரையானும் முதலில் ஏறும். நீராவி இன்ஜினும் அப்படித்தான். ஓடிய காலத்தில் தன் நெருப்பின் சூட்டிலேயே உலர்ந்துவந்த இரும்பில், ஓட்டம் நின்றபின் ஈரம் தங்கிவிடுகிறது. முன்பு காரைக்குடி வழியாக மீட்டர் கேஜ் ரயில் பாதையில் ஓடியவை போன்ற இன்ஜின் ஒன்றைப் பேணும் பணியில் சேரும் நம் பகுதி இளைஞர்கள், ஐப்பசி மழைக்கு முன்பே பின்வரும் வேலைகளை முடித்துவிட வேண்டும்.

முதலில் புகைபோக்கிக்கு அடியில் புகை சேரும் புகைப்பெட்டியையும் நெருப்புப் பெட்டியின் அடியையும் சுத்தம் செய்யுங்கள். நிலக்கரிச் சாம்பலில் கந்தகம் இருப்பதால், ஈரம் பட்டதும் அது அமிலமாகித் தகட்டை அரிக்கத் தொடங்கும். மூலைகளில் ஒட்டியதையும் சுரண்டி எடுத்தபின், புகைபோக்கிக்கு மூடி போடுங்கள்.

அடுத்து பாய்லர். அது முழுவதும் ஆறிய பிறகே நீரை வடித்து, கழுவும் துளைகளின் மூடிகளைக் கழற்றி, உள்ளே படிந்த சேற்றையும் உப்புப் படிவையும் நீர் பீய்ச்சி வெளியேற்ற வேண்டும். பிறகு வெப்பக் காற்றை ஊதி நன்றாக உலர்த்துங்கள். உலர்ந்ததும், நீற்றாத சுண்ணாம்புக் கட்டிகளைத் தட்டுகளில் பரப்பி உள்ளே வைத்து, துளைகளை இறுக மூடுங்கள். நம் வீட்டுச் சுவருக்குப் பூசிய அதே சுண்ணாம்பு, நீர் ஊற்றுவதற்கு முந்தைய நிலையில், காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சில வாரம் கழித்துத் திறந்தால், கல்லாக வைத்த கட்டி வெடித்து மாவாக உதிர்ந்திருக்கும். அப்போது மாற்றிவிட வேண்டும். சுண்ணாம்பு நேரே இரும்பில் படக்கூடாது. நீறும்போது பொங்குமாதலால் தட்டை நிரப்பவும் கூடாது.

பாய்லரைச் சுற்றிய வெப்பக்காப்புப் போர்வைக்கு அடியில் துரு ஒளிந்திருக்கும். ஆனால் பழைய இன்ஜின்களில் அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்புண்டு. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், பயிற்சி பெற்றவர்கள் வந்து பார்க்கும்வரை யாரும் அதைத் தொட வேண்டாம்.

பித்தளைப் பலகைகளைப் புளி போட்டுத் தேய்க்கும் ஆசை நமக்கு எழும். இடுக்கில் தங்கும் புளிப்பு அரிக்கும், எழுத்தும் தேயும். மென்துணியால் துடைத்தால் போதும். பளபளக்கும் தண்டுகளை மண்ணெண்ணெயால் கழுவிக் கெட்டியான கிரீஸ் பூசுங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை, தாங்கிகளுக்கும் சிலிண்டருக்கும் எண்ணெய் விட்டு, சக்கரத்தைக் கால் சுற்று நகர்த்திக் கட்டை கொடுங்கள். எடை ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்கக்கூடாது.

நெருப்பு மூட்டுவது பாய்லர் ஆய்வாளரின் அனுமதியோடு, தேர்ந்த கைகள் செய்ய வேண்டிய வேலை. உதகை மலை ரயில் பாதையின் நீராவி இன்ஜின்களைப் பராமரிப்பது திருச்சிப் பொன்மலைப் பணிமனை. அங்குள்ள அளவுக்கு அனுபவம் இல்லாமல் துணியாதீர்கள். அந்த நாள் வந்தால், உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்து, நம் முற்றங்களில் பிடிப்பதைப் போல மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள்.

எத்தனை சுண்ணாம்புத் தட்டுகள் உள்ளே இருக்கின்றன என்பதை ஓர் அட்டையில் எழுதி ஓட்டுநர் அறையில் கட்டி வையுங்கள். நீர் நிரப்பும் முன் அத்தனையும் வெளியே வந்துவிட்டனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.