கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் வரும் கறுப்புத் திரை

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் புதுப்பித்துவிட்டுக் கணினியை மறுபடி இயக்குகிறோம். தொடக்கச் சின்னம் வந்து மறைகிறது. பிறகு கறுப்புத் திரை. இடது மேல் மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னுகிறது. முதல்முறை இதைப் பார்த்தபோது பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உபுண்டுவை மீண்டும் நிறுவினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போயிற்று. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் எழுத்துத் திரை வந்துவிடும். கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தும் உள்ளே போகலாம். திரைதான் வரவில்லை, கோப்புகள் எல்லாம் வைத்த இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. மீண்டும் நிறுவுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிலைக்குக் கொண்டுவிடும் பழக்கம் விண்டோஸிலிருந்து நம்மோடு வருவது: கிராபிக்ஸ் கார்டு நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை இறக்கி நிறுவுவது. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. இன்டெல் கிராபிக்ஸுக்கு அப்படித்தான். ஏஎம்டியின் ஏஎம்டிஜிபியு டிரைவரும் 2015இல் வந்த 4.2 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. வீட்டுக் கணினியில் இவற்றுக்கு எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. என்விடியாவின் சொந்த டிரைவர் கெர்னலுக்கு வெளியே இருப்பது. கெர்னல் மாறும்போதெல்லாம், கெர்னலோடு இணையும் அதன் பகுதியான மாட்யூலும் அதற்கேற்ப அமைய வேண்டும். உங்கள் விநியோகம் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை) தரும் தொகுப்பு வழியாக நிறுவினால் அந்த வேலை தானாக நடக்கும். கையால் நிறுவியது பழைய கெர்னலோடு நின்றுவிடலாம். உபுண்டுவில் 'கூடுதல் டிரைவர்கள்' சாளரம், ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியம், டெபியனில் நான்-ஃப்ரீ பிரிவு: இவைதான் சரியான வாசல்கள். ஏற்கெனவே கையால் நிறுவியிருந்தால், அதே நிறுவியைக் கொண்டு முதலில் அதை நீக்கிவிட்டுத் தொகுப்புக்கு மாறுங்கள்.

நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இன்னொரு சிக்கல் உண்டு. கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது. அதனால் உபுண்டு போன்றவை டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லலாம். அடுத்த முறை கணினி தொடங்கும்போது நீலத் திரையில் ஒரு பட்டியல் சில நொடிகள் மட்டுமே நிற்கும். முதல் வரி 'கன்டின்யூ பூட்'. அவசரத்தில் பலரும் அதிலேயே என்டரைத் தட்டிவிடுகிறார்கள். தேர்ந்தெடுக்க வேண்டியது 'என்ரோல் எம்ஓகே', அதாவது கையொப்பத்துக்கான சாவியைப் பதிவு செய்வது. பிறகு அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் டிரைவர் நிறுவப்பட்டிருந்தும் ஏறாது. ஏன் வேலை செய்யவில்லை என்று நாள் கணக்கில் தேடுவோம்.

லினக்ஸை நிறுவும்போது திரை வரவில்லை என்றால் கெர்னலின் தொடக்க வரியில் 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அந்த ஒருமுறைக்கு மட்டும். அது கிராபிக்ஸ் டிரைவரைச் செயல்படாமல் நிறுத்தி வைக்கிறது. அதை எடுக்க மறந்தால் படம் வரையும் வேலை முழுவதும் சிபியுவின் தலையில் விழும். வீடியோ திக்கும், விசிறி இரையும், 'லினக்ஸே இப்படித்தான்' என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். அமைப்புகளில் கணினி விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கிராபிக்ஸ் என்ற இடத்தில் கார்டின் பெயர் இல்லாமல் 'எல்எல்விஎம்பைப்' என்றிருந்தால் கார்டு சும்மா இருக்கிறது என்று பொருள்.

புத்தம் புதிய கார்டைப் பழைய விநியோகத்தில் பொருத்துவதும் வீண் அலைச்சல். 2023இல் வெளியான டெபியன் 12இன் கெர்னல் 6.1, 2025 மார்ச்சில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 கார்டை அதற்கு எப்படித் தெரியும்? கெர்னல், மெசா (படம் வரையும் மென்பொருள் நூலகம்), ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஏறும் மென்பொருள்) மூன்றும் அந்தக் கார்டை அறிந்த பதிப்புகளாக இருக்க வேண்டும். புதிய கார்டு வாங்குகிறவர் ஃபெடோரா போல விரைவாகப் புதுப்பிக்கப்படும் விநியோகத்தில் இருப்பது நல்லது.

பழைய என்விடியா கார்டுகளின் கதை வேறு. கெப்லர் தலைமுறைக்கு 470 வரிசை டிரைவரோடு சரி. திறந்த மூல டிரைவரான நூவோவை நம்பலாமே என்றால், ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளில் நிறுவனம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் கார்டின் வேகத்தை உயர்த்த முடியாது. நூவோவை எழுதியவர்களின் உழைப்பு குறைவு என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் வலிக்கும். பூட்டின் சாவி அவர்கள் கையில் இல்லை. 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அதுவும் இந்தக் கார்டுகளுக்குப் பின் வந்த டூரிங் தலைமுறை முதல்தான்.

மடிக்கணினி வாங்குவதற்கு முன், கடைக்காரர் அனுமதித்தால், யுஎஸ்பியிலிருந்து லினக்ஸை இயக்கிப் பாருங்கள். வைஃபை, ஒலி, வெப்கேமரா மூன்றையும் சோதியுங்கள். பிறகு மூடியைச் சாத்தி, ஒரு நிமிடம் காத்திருந்து திறங்கள். திரை வருகிறதா, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, வைஃபை மறுபடி இணைகிறதா என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.