ஜப்பானிய நடிகர் சிஷூ ரியூவின் படங்களை எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் 1953-இல் வந்த ‘டோக்கியோ ஸ்டோரி’. எழுபது வயதுத் தாத்தாவாக வரும் ரியூவுக்கு அப்போது 49 வயதுதான். மகனாக நடித்த சோ யமமுரா அவரைவிட ஆறே வயது இளையவர். உட்காரும்போதும் எழும்போதும் ரியூவின் முதுகைக் கவனியுங்கள். ஒப்பனையைவிட அந்த முதுகுதான் முதுமையைக் காட்டுகிறது.

அப்புறம் கொஞ்சம் பின்னால் போய், 1949-இன் ‘லேட் ஸ்பிரிங்’. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வீடு திரும்பிய அப்பா, தனியாக உட்கார்ந்து ஆப்பிள் தோலைச் சீவுகிறார். நீளமாக இறங்கிய தோல் விழுகிறது, கை நின்றுவிடுகிறது, தலை தொங்குகிறது. அழுகை இல்லை. தயவுசெய்து அந்த நேரத்தில் போனைத் தொடாதீர்கள். அவர் நடித்ததில் எனக்கு இதற்கு மேல் ஒன்றில்லை.

இரண்டும் ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு இயக்கியவை. அதோடு நிறுத்திவிடாதீர்கள். 1969-இல் தொடங்கிய டோரா-சான் என்ற நகைச்சுவைப் படவரிசையில் புத்தர் கோயில் குருவாக, ரியூ 88 வயதுவரை வந்தார். அதில் எது கிடைத்தாலும் சரி, பாருங்கள்.