தூளாக வரும் ஊசிமருந்து: நோயாளிக்குத் துணை நிற்பவர் கவனிக்க வேண்டியவை

வார்டில் மருந்து கையிருப்பில் இல்லை என்று துண்டில் எழுதிக் கொடுத்து, வெளியே பார்மசியில் வாங்கி வரச் சொல்வது 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியோடு மலையகத்தில் பலருக்கும் பழகிப்போன காரியம். ஹற்றனிலோ பண்டாரவளையிலோ வாங்கிய சிறு கண்ணாடிக் குப்பியை, அதன் அடியில் வெள்ளைத் தூள் மட்டுமே கிடப்பதைப் பார்த்து, "இவ்வளவு விலைக்கு இவ்வளவுதானா" என்று கேட்டவர்கள் நம்மிடையே உண்டு. ஊசி போடுவது தாதியின் பொறுப்பு என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குப்பி தாதியின் கைக்குப் போகும்வரையிலும், ஊசி போட்டு முடித்த அரை மணி நேரம்வரையிலும் கூட நிற்பவர் கண் வைத்திருக்க வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன.

சில மருந்துகள் நீரில் கரைந்த நிலையில் விரைவாகச் சிதைந்துவிடும் என்பதால்தான் அவற்றைத் தூளாக அடைக்கிறார்கள். மூடிய குப்பியில் இரண்டு மூன்று வருடங்கள் கெடாமல் இருக்கும் மருந்து, நீர் சேர்த்த பிறகு சில மணி நேரமே தாங்கும். கோ-அமொக்சிக்ளேவ் என்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசியைக் கரைத்த 20 நிமிடங்களுக்குள் ஏற்றிவிட வேண்டும். ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் நம் பிள்ளைகளுக்குப் போடப்படும், தட்டம்மை, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்எம்ஆர் தடுப்பூசியைக் கரைத்தபின் குளிரில் வைத்திருந்தாலும் 6 மணி நேரத்துக்குமேல் பயன்படுத்தக் கூடாது. கிளினிக் முடியும் நேரத்தில் மிஞ்சியதைக் கொட்டுவதைப் பார்த்து வீண்செலவு என்று முணுமுணுக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். துண்டில் எழுதிய பெயரும் அளவும் குப்பியின் பெயரோடும் அளவோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும், காலாவதித் திகதி கடந்திருக்கக் கூடாது, அலுமினிய மூடி அசையாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். தூள் உதிரியாக இருக்க வேண்டிய மருந்தில் அது ஈரம் பட்ட சீனிபோலக் கட்டிபட்டிருந்தால் மாற்றித் தரச் சொல்லலாம். (குளிரில் உறையவைத்து உலர்த்திய மருந்துகள் இயல்பாகவே வில்லைபோல ஒட்டிக்கிடக்கும், அதைப் பழுது என்று கருத வேண்டாம்.) குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டிய மருந்தா என்று பார்மசியிலேயே கேட்டுவிடுங்கள். அப்படியில்லாத மருந்தையும் லயன் அறையில் அடுப்புக்கு மேலுள்ள தட்டில், புகையும் சூடும் படும் இடத்தில், வைக்காதீர்கள்.

தூளைவிட அதில் சேரும் நீரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். ஊசிமருந்துக்கென்று கிருமி நீக்கி அடைத்த நீரோ, மருந்தோடு வந்த கரைப்பானோ மட்டுமே சேர்க்கத் தகுந்தது. கொதித்தாறிய நீர் குடிக்க நல்லது. ஊசிக்கு எந்த ஊரிலும் ஆகாது. அதிலும் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 94 பாகையை அண்டியே கொதித்துவிடுவதால், கெண்டியில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் அது அதற்குமேல் சூடாகாது.

கரைப்பான் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 2014 ஆம் ஆண்டு சிரியாவின் இத்லிப் பகுதியில், தட்டம்மைத் தடுப்பூசித் தூளைத் தவறுதலாக அட்ராகியூரியம் என்ற தசை தளர்த்தும் மருந்தில் கரைத்ததால் 15 குழந்தைகள் இறந்தார்கள். 2018 இல் சமோவாவில் இதே வகைத் தவறில் இரண்டு சிசுக்கள் இறந்தன. இரு இடங்களிலும் தடுப்பூசித் தூளில் பழுது இருக்கவில்லை. நீர் என்று நினைத்து எடுத்ததுதான் வேறாக இருந்தது. ஆகவே கரைப்பதற்கு முன் அந்தச் சிறு கண்ணாடிக் குழாயின் பெயரைத் தாதி ஒரு தரம் வாசித்தாரா என்று பார்ப்பதோ, "மிஸ், இது தண்ணிதானே?" என்று பணிவாகக் கேட்பதோ மரியாதைக் குறைவு ஆகாது.

நம் ஊர்களில் அதிகம் காணும் செஃப்ட்ரியாக்சோன் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எடுத்துக்கொள்வோம். தசையில் போடும்போது வலி குறைய லிடோகெயின் என்ற மரப்பு மருந்தில் கரைப்பார்கள். அப்படிக் கரைத்ததை ஒருபோதும் நாளத்தில் ஏற்றக் கூடாது, இதயத்துடிப்பே குழம்பிவிடக்கூடும். கையில் கனுலா (நாளத்தில் மருந்தேற்றும் சிறு குழாய்) குத்தியிருக்கும் நோயாளிக்கு "தசையிலா நாளத்திலா போடப் போகிறீர்கள்" என்று கேட்பதன் பயன் இதுதான். கல்சியம் கலந்த ஹார்ட்மன் போன்ற சேலைனோடு செஃப்ட்ரியாக்சோன் ஒரே குழாயில் சேர்ந்தால் படிவு உண்டாகும். பிறந்த சிசுக்களுக்கு இது உயிராபத்தானது.

குழந்தைகளின் ஊசியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தூளும் இடம் பிடிக்கும். 600 மில்லிகிராம் பென்சில்பெனிசிலின் தூள் 0.4 மில்லிலீற்றர் இடத்தை அடைத்துக்கொள்வதால், மொத்தம் 2 மில்லிலீற்றர் கிடைக்க 1.6 மில்லிலீற்றர் நீரே சேர்க்க வேண்டும். 2 மில்லிலீற்றரை அப்படியே சேர்த்தால் கரைசல் 2.4 ஆகிவிடும், அதிலிருந்து ஒரு மில்லிலீற்றர் எடுத்தால் 300 மில்லிகிராமுக்குப் பதில் 250தான் பிள்ளைக்குப் போகும். பெரியவருக்கு முழுக் குப்பியையும் ஏற்றுகையில் இது பொருட்டல்ல. கைக்குழந்தைக்கு ஒரு பங்கை மட்டும் உறிஞ்சி எடுக்கையில் பொருட்டே.

கரைத்த குப்பியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது நல்ல வழக்கம். கரையாத துகளோ, ஊசி குத்தியபோது இறப்பர் மூடியிலிருந்து பெயர்ந்த கருந்துணுக்கோ மிதந்தால் அதை ஏற்றக் கூடாது. நிறத்தை மட்டும் வைத்து அவசரப்பட வேண்டாம்: கோ-அமொக்சிக்ளேவ் கரையும்போது சற்று நேரம் இளஞ்சிவப்பாகலாம், செஃப்ட்ரியாக்சோன் இளமஞ்சளாகவே இருக்கும். பாம்புக்கடி முறிமருந்தை மெதுவாகச் சுழற்றித்தான் கரைப்பார்கள், குலுக்கினால் நுரைத்துவிடும். அங்கே தாமதிக்கிறார்கள் என்று சத்தம் போடாதீர்கள்.

மிச்ச மருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் சின்னம்மா ஒரு முறை காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தபோது, பாதி மருந்து மிஞ்சிய குப்பியைக் கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டு வந்தார். நாளைக்கு எடுத்து வரச் சொல்லிக் கொடுத்தார்களாம். மறுநாள் காலை கண்ணாடி அலமாரியிலிருந்து அதை எடுத்துப் பார்த்தபோது, முதல்நாள் இளமஞ்சளாக இருந்த கரைசல் மெல்லிய பிளேன்டீ நிறத்துக்கு வந்திருந்தது, மூடியில் ஊசி குத்திய துளை திறந்தே கிடந்தது. வீரியம் குறைந்தது ஒரு புறமிருக்க, அந்தத் துளைவழி கிருமி புகுந்திருந்தால் அது நேரே இரத்தத்துக்குப் போயிருக்கும். காசு போனால் போகட்டும் என்று கொட்டச் சொன்னேன். சின்னம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கரைத்த குப்பியை யார் கொடுத்தாலும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்.

வாதக் காய்ச்சலால் இதய வால்வு பாதிக்கப்பட்டவர்கள் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் பென்சதீன் பெனிசிலின் தனி வகை. அது கரைந்து தெளியாது, பால்போலக் கெட்டியாகவே நிற்கும். பெரிய ஊசியால் ஆழமாகத் தசையில் மட்டுமே போட வேண்டும். தவறி நாளத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும் ஆபத்து உண்டு.

ஒவ்வாமையை நீங்கள்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். வார்டில் மொழி தடையாக இருந்தால் "அலர்ஜி" என்ற சொல்லும் மருந்தின் பெயருமே போதும், சிங்களத்திலும் அது விளங்கும். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வைப்பது இன்னும் நல்லது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர் செஃப்ட்ரியாக்சோனுக்கு முன்பும் அதைச் சொல்லியே ஆக வேண்டும். முன்பு பத்து முறை ஒத்துக்கொண்ட மருந்து பதினோராவது முறை ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு.

ஊசி போட்டபின் பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு, வாந்தி, தலைச்சுற்று இவற்றில் எது தோன்றினாலும் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் உயிர் காப்பது தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்படும் அட்ரினலின். அது கைவசம் இல்லாத இடத்தில் இந்த ஊசிகளைப் போட்டுக்கொள்ளவே வேண்டாம் என்பேன். வீட்டுக்கு வந்தபின் இப்படி ஆனால் நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் சாய்ந்து உட்கார விடுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். லயனுக்கு வண்டி வராது என்றால், எந்தப் பாதைச் சந்திவரை வரும் என்பதை அழைக்கும்போதே சொல்லிவிட்டு நோயாளியைத் தூக்கிச் செல்லுங்கள். வெறுங்குப்பியும் அதன் பெட்டியும் கிடைத்தால் கூடவே கொண்டுபோங்கள், அதிலுள்ள தொகுதி எண் வைத்தியருக்குத் தேவைப்படும்.

மற்ற நேரங்களில் ஊசியையும் குப்பியையும் போட்ட இடத்திலேயே விட்டுவிடுங்கள், அவற்றுக்கென்று அங்கே தனிப் பெட்டி இருக்கும். எப்படியோ வீட்டுக்கு வந்துவிட்ட ஊசியைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு மூடி, அடுத்த முறை வைத்தியசாலைக்குப் போகும்போது ஒப்படைக்கலாம். லயனுக்குப் பின்னால் தேயிலைக்குள் வீசினால், மறுநாள் கொழுந்தெடுக்க அந்த நிரையில் இறங்கும் ஒருத்தியின் காலில்தான் அது ஏறும்.